தவராசா தைத்த மேலங்கி

1

முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், பாரிசுக்கு வடக்கே லா கூர்னெவில் இருந்த ஒரு நாடக உடுப்புத் தையல்கூடத்தில், இன்னொருவன் வெட்டித் தைத்த மேலங்கியை நான் தைத்தது என்று சொன்னேன். அவன் என் பக்கத்திலேயே நின்றான். அவனுக்குப் பிரெஞ்சு தெரியாது, எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவனிடம் போய் இன்னொரு பொய்யும் சொன்னேன். அந்த இரண்டாவது பொய்தான் பெரியது என்பது எனக்கு மிகவும் பிந்தியே விளங்கியது.

அவன் பெயர் தவராசா. சுன்னாகம் சந்தைக்கு எதிரே பெண்களுக்குச் சாறிச் சட்டை தைத்துக்கொண்டிருந்தவன். நான் கனகலிங்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவன். அதனால் அவனுக்கு நான் எப்போதும் 'மாஸ்டர்'. எனக்கு இப்போது எழுபத்தைந்து வயது. பாரிசின் புறநகரான செவ்ரானில் இருக்கிறேன். மனைவி காலமாகி மூன்று ஆண்டுகள். சனிக்கிழமைகளில் ரயிலேறிக் கார் து நோர் நிலையத்தில் இறங்கி, தமிழ்க் கடைகள் உள்ள லா சப்பலுக்கு நடந்து, ரூ காய் என்ற தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்புவேன். வாரத்தில் எனக்கு இருக்கும் ஒரே ஒழுங்கான அலுவல் அதுதான்.

இந்த வருடம் பனி விலகிய காலத்தில் அப்படி ஒரு சனிக்கிழமை. முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது கைபேசிக்கு ஒரு படம் வந்தது. என் மகள் வாணி அனுப்பியிருந்தாள். பழைய நாடக உடுப்புகளுக்கு நகரத்தில் ஒரு கண்காட்சி நடக்கிறது. அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கடும் சிவப்புப் பட்டில் ஒரு மேலங்கி. பக்கத்தில் ஒரு சிறிய அட்டை. அட்டையின் கடைசி வரியில், வெட்டும் தையலும் என்று போட்டு, என் பெயர்.

கீழே வாணி பிரெஞ்சில் எழுதியிருந்தாள்: அப்பா, உங்கள் பெயர்! ஞாயிறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவோம்.

அவள் நகரசபையில் வேலை செய்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் முப்பது வருடமாக அப்படித்தான் நடக்கிறது. படத்தை எனக்கு மட்டும் அனுப்பவில்லை. காயைத் தராசில் வைப்பதற்கு முன்னரே ரொறொன்ரோவிலிருந்து மைத்துனர் தொலைபேசி எடுத்துவிட்டார்.

"அத்தான், மியூசியத்திலை போட்டிட்டாங்களாம்! ராசா மாதிரி ஒரு கோட்டு! இவ்வளவு நாளும் வாயே திறக்கேல்லை நீங்கள்!"

வாய் திறக்காததற்குக் காரணம் அடக்கம் என்று அவர் நினைத்தார். நான் நின்ற இடத்திலிருந்து பத்து அடியில் ஒரு சாறிக் கடை. அதன் பின்பகுதியில், துணிக் கட்டுகளுக்கு இடையில் ஒரு மெசினை வைத்துக்கொண்டு தவராசா இருந்தான். அந்தப் படம் அவனுக்கும் போயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

2

அந்தத் தையல்கூடம் ஒரு பண்டகசாலையின் மேல்மாடியில் இருந்தது. நாடகங்களுக்கும் படங்களுக்கும் பழங்கால உடுப்புகள் தைத்துக் கொடுப்பார்கள். நான் அங்கே உடுப்புகளை இஸ்திரி போட்டு மினுக்கப் போனவன். கொதிக்கும் ஆவியில் நின்றபடி, நான் வருடக்கணக்காகப் படிப்பித்த ஐரோப்பிய சரித்திரத்தை முதன்முறையாகக் கையால் தொட்டேன். அரசர்கள், போர்கள், உடன்படிக்கைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த மனிதர்கள் என்ன உடுத்தார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அந்த வருடம் வந்த வேலை பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளின் ஆண்களுடைய உடுப்பு. ஆண்கள் மயிலைப் போல உடுத்திய காலம். இடுப்போடு ஒட்டிய குட்டை மேலங்கி. அதற்குப் பிரெஞ்சில் 'புர்புவான்' என்று பெயர். போர்க்கவசத்துக்கு உள்ளே உடம்பு நோகாமல் இருக்கப் பஞ்சு வைத்துத் தைத்த சட்டைதான் பிறகு வீதிக்கு வந்து அலங்காரமானது. நெஞ்சில் பஞ்சு அடைத்துப் புடைக்க வைப்பார்கள். இடுப்பை இறுக்குவார்கள். கழுத்திலிருந்து கீழ்வரை நெருக்கமாகப் பொத்தான்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை இன்னும் சின்னப் பொத்தான்கள். கால்களில் தோலைப்போல ஒட்டிய கால்சட்டை. சிலருக்கு ஒரு கால் சிவப்பு, மறு கால் பச்சை. அந்தக் கால்சட்டை இடுப்பில் தானாக நிற்காது. மேலங்கியின் உட்புறத்தில் உள்ள கயிறுகளோடு முடிந்துகட்ட வேண்டும். சப்பாத்தின் நுனி ஒரு சாண் நீளம். செல்வந்தர்கள் இதற்கு மேல் நிலம் கூட்டும் கைகளோடு ஒரு நீள அங்கி போட்டார்கள். அதன் விளிம்பெல்லாம் இலை வடிவில் வெட்டியிருக்கும்.

எவன் எந்தத் துணி உடுக்கலாம், எவன் எந்த விலங்கின் மென்மயிரை வைத்துத் தைக்கலாம் என்றெல்லாம் சட்டம் போட்டார்கள். எல்லோரும் அந்தச் சட்டத்தை மீறினார்கள். வயதானவர்கள் வயிறெரிந்தார்கள். குட்டைச் சட்டை போட்டவன் குனிந்தால் பின்புறம் தெரிகிறது என்று குருமார் ஏசினார்கள். ஒரு போரில் தோற்றதற்குக் காரணமே இந்தச் சட்டைகள்தான், கடவுள் தண்டித்துவிட்டார் என்றுகூட ஒரு மடத்தில் எழுதிவைத்தார்கள். நூலகத்தில் அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பெல்பொட்டம் வந்த காலத்தில் எங்கள் உப அதிபர் காலைக் கூட்டத்தில் இதே குரலில்தான் கத்தினார்.

பொத்தான் துளைகள் கைத்தையலாக இருக்க வேண்டும் என்று முதலாளி மதாம் ஒடில் சொல்லிவிட்டார். தைக்க ஆட்கள் போதவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்துதருகிறேன் என்றேன். செய்தது தவராசா. அவனுடைய அகதி விண்ணப்பம் தள்ளப்பட்டிருந்தது. லா சப்பலில் ஐந்து பேரோடு ஓர் அறையில், யாரோ வீசிய ஒரு பழைய மெசினைத் திருத்தி வைத்துக்கொண்டு இருந்தான். வதிவிட அனுமதிக் காட் உள்ளவன் வேலையைக் கொண்டுவருவான், காட் இல்லாதவன் வேலையைச் செய்வான். அப்போது எங்கள் ஆட்களிடம் இது சாதாரண வழக்கம். யாரும் அதைக் களவு என்று சொன்னதில்லை.

நான் படங்களைக் காட்டி விளங்கப்படுத்தினால் அந்த அறை கலகலக்கும்.

"மாஸ்டர், இது ஆம்பிளையோ, கலியாணப் பொம்பிளையோ?"

"இளவரசன், தவம்."

"ஒரு கால் சிவப்பு, ஒரு கால் பச்சை. பாவம், கரண்ட் இல்லாத நேரம் உடுத்தவனாக்கும். சப்பாத்தைப் பாருங்கோ, இதைப் போட்டுக்கொண்டு மெத்ரோப் படி இறங்கினால் மூக்குத்தான் முதல் போய்ச் சேரும்."

"கையிலை தொங்கிறது என்னடாப்பா?" என்று கட்டிலில் கிடந்த ஒருவர் கேட்டார்.

"அது தேர்ச்சீலை, அண்ணை. ஆளை இழுக்க வடம் ஒண்டுதான் குறை."

பகிடி விட்டுக்கொண்டே தைப்பான். துளைகள் ஒவ்வொன்றும் மணி மணியாக இருக்கும்.

3

அந்த உடுப்புகள் ஒரு நாடகத்துக்கானவை; அதன் நாயகன் ஒரு காட்சியில் வாளைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். முதல் முறை போட்டுப் பார்த்தபோது, அவர் கையை உயர்த்தினார். மேலங்கி முழுவதும் கையோடு சேர்ந்து மேலே போனது. உள்ளே இருந்த கயிறுகள் இரண்டு பட்டென்று அறுந்தன. இளவரசனின் பச்சைக் கால் முழங்கால்வரை வழுகியது. எல்லோரும் சிரித்தார்கள், மதாம் ஒடிலைத் தவிர. துணி வெட்டுகிற முதிய பிரெஞ்சுக்காரர் மூன்று முறை மாற்றி வெட்டினார். கை தளர்ந்தால் வடிவு போனது. வடிவு வந்தால் கை எழும்பவில்லை. அவர் அந்த வருடத்தோடு ஓய்வுபெற இருந்தவர். வேண்டாம் என்று கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

நான் பழுதான ஒரு மேலங்கியைத் தவராசாவிடம் கொண்டுபோனேன். அவன் அதைத் தன் உடம்பில் மாட்டி, கையைத் தூக்கி, கண்ணாடியில் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"மாஸ்டர், இவங்கள் இதை ஆம்பிளைச் சட்டை எண்டு நினைச்சு வெட்டுறாங்கள். நெஞ்சு புடைச்சிருக்கு, இடுப்பு ஒடுங்கியிருக்கு. இது எங்கடை சாறிச் சட்டையெல்லோ!"

"அதுக்கு?"

"கிணத்திலை தண்ணி அள்ளுற மனிசிக்குக் கை எழும்ப வேணும். இடுப்பிலை துணி எழும்பக் கூடாது. எழும்பினால் அடுத்த நாள் சட்டையைக் கொண்டுவந்து என்ரை முகத்திலை எறிவாள். நான் இதோடைதானே சீவிச்சனான்."

அறையில் கிடந்த ஒரு தமிழ்ப் பத்திரிகையை நிலத்தில் விரித்து, பென்சிலால் கோடு போட்டான். கையை இணைக்கும் வட்டத்தைத் தோளோடு நிறுத்தாமல், நெஞ்சுக்குள்ளும் முதுகுக்குள்ளும் ஆழமாக இறக்கினான். கக்கத்துக்குக் கீழே முக்கோணத் துண்டுகள் வைத்தான். அளவுகளைத் தன் கையெழுத்தில் ஓரத்தில் குறித்தான். சிவப்புப் பட்டில் அதை அவன் வெட்டித் தைத்து முடிக்க ஒன்பது நாள் எடுத்தது.

போட்டுப் பார்க்கும் அன்று நானும் வருகிறேன் என்றான். கூட்டிக்கொண்டு போனேன். நாயகன் மேலங்கியைப் போட்டு, கயிறுகளை முடிந்து, வாளைத் தூக்கினார். கை காதோடு ஒட்டி மேலே போனது. இடுப்பில் துணி அசையவில்லை. அவர் குழந்தையைப் போலத் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்த்தார்.

மதாம் ஒடில் கிட்டப் போய்க் கக்கத்தின் தையலை விரலால் தடவினார். அந்தக் காலத்திலிருந்து தப்பி வந்திருக்கும் மேலங்கி ஒன்றில் இதேபோலப் பெரிய வட்டமாகத்தான் கை வெட்டியிருக்கிறது என்றார். படத்தில் பார்த்திருக்கிறார், எப்படி வெட்டுவது என்று அவருக்கு விளங்கவில்லை. பிறகு எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்: இதை வெட்டியது யார்?

இந்த இடத்தை நான் எத்தனையோ முறை எனக்குள் திரும்ப நடத்திப் பார்த்திருக்கிறேன். முதிய வெட்டுக்காரரின் நிரந்தர வேலை காலியாக இருந்தது. எனக்கு இருந்தது வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் காட். மனைவியும் ஐந்து வயது வாணியும் கொழும்பில் ஓர் அறையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட நிரந்தர வேலை வேண்டும், இத்தனை சதுர மீற்றரில் வீடு வேண்டும். வேலை இல்லாமல் வீடு இல்லை. வீடு இல்லாமல் விசா இல்லை. தவராசாவுக்கும் அந்த வேலை தேவை என்பது எனக்குத் தெரியும். வேலை தருகிறேன் என்று ஒரு முதலாளி எழுதிக் கொடுத்தால், அவனைப் போன்றவர்களுக்கும் வதிவிட அனுமதி கிடைக்கக்கூடும் என்ற பேச்சு அப்போது இருந்தது. அவனும் கலியாணம் முடித்து ஆறு மாதத்தில் மனைவியை விட்டுவிட்டு வந்தவன். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

"நான்தான், மதாம்."

இவர்? என்று அவர் தவராசாவைக் காட்டினார்.

"என் சொந்தக்காரர். பொத்தான் தைக்க உதவுகிறவர்."

எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். நூலகத்தில் படித்த புத்தகங்களைச் சொன்னேன். கவசத்துக்குள் போடும் சட்டை, பஞ்சு, கயிறு எல்லாம் சரளமாகச் சொன்னேன். படிக்காதவனாக இருந்திருந்தால் அடுத்த கேள்வியிலேயே பிடிபட்டிருப்பேன். என் படிப்புத்தான் அந்தப் பொய்யைக் காப்பாற்றியது.

தவராசா மெதுவாக என் கையைத் தொட்டான். "என்ன கேக்கிறா, மாஸ்டர்?"

"தையல் வடிவாயிருக்காம்."

அவன் முகம் மலர்ந்தது. அவருக்கு இரண்டு கையையும் கூப்பினான். "மெர்சி, மதாம். மெர்சி."

4

ஒரு வாரம் கழித்து இரண்டாவது பொய்யைச் சொன்னேன். அவன் அடுத்த வேலை எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மறுபடியும் தையல்கூடத்துக்கு வந்தால் என் கதை உடைந்துவிடும். அவனாகவே வராமல் நிற்க ஒரு காரணம் வேண்டியிருந்தது.

"சட்டைக் கை பிழைச்சுப்போச்சாம், தவம். நாடகத்திலை கிழிஞ்சிட்டுதாம். இனி வெளியாலை வேலை குடுக்க மாட்டினமாம்."

அவன் கோபிக்கவில்லை. தையல்காரன் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டான்.

"எங்கை கிழிஞ்சது, மாஸ்டர்?"

என் கக்கத்தைத் தொட்டுக் காட்டினேன். அவன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒரு மாதத்தில் மெசினை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, ஒரு றெஸ்ரோறன்றில் கோப்பை கழுவப் போனான். அவனுடைய பத்திரிகைத் தாள் என்னிடம் இருந்தது. அதை தடித்த கடதாசியில் ஒட்டி, பெருப்பித்தும் சிறுப்பித்தும், இருபத்தொரு வருடம் அந்தத் தையல்கூடத்தில் வெட்டுக்காரனாக இருந்தேன். நானும் ஓரளவு தொழில் பழகினேன். ஆனால் என் கத்தரியால் வந்த நல்ல மேலங்கிகள் எல்லாம் அந்தத் தாளிலிருந்து வந்தவை. மனைவியும் வாணியும் அடுத்த வருடம் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் வாணி என்னை அடையாளம் தெரியாமல் தாயின் பின்னால் ஒளிந்தாள். அந்த நாளின் சந்தோசத்தை நான் மறைக்க மாட்டேன். அது உண்மையான சந்தோசம்.

தவராசாவுக்குக் காட் கிடைக்கப் பன்னிரண்டு வருடம் சென்றது. அவன் மனைவி இராசமலர் வந்தபோது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

கலியாணவீடுகளில் சந்திப்போம். என் மகளின் கலியாணத்துக்கு இரண்டு பேரும் வந்து வாழ்த்தினார்கள். முழங்கால் பழுதாகி றெஸ்ரோறன்ற் வேலையை விட்ட பிறகு அவன் ரூ காயில் அந்தச் சாறிக் கடைக்கு வந்தான். சாறியின் அடியில் ஃபோல்ஸ் துணி வைத்து அடிப்பான், விளிம்பு மடித்துத் தைப்பான். அவ்வளவுதான். ஒருநாள் நான் கடையில் நின்றபோது, கலியாணப் பெண்ணின் தாய் ஒருத்தி அவனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, சுன்னாகத்திலை நீங்கள் தைச்ச சட்டையை என்ரை அக்கா இண்டைக்கும் வைச்சிருக்கிறா. என்ரை மகளுக்கு ஒண்டு வெட்டித் தாங்கோ."

"இல்லைத் தங்கச்சி. வெட்டுறது எனக்குச் சரிவராது. முந்தி ஒருக்கா வெட்டிப் பெரிய பிழையாப் போச்சு. அதோடை விட்டிட்டன்."

தட்டில் அடுக்கியிருந்த சாறிகளைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். ஒரு வேலையை மட்டும்தான் அவனிடமிருந்து எடுத்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றும் நான் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் ஆறு வருடம் திறக்கவில்லை.

5

வாணியின் படம் வந்த அன்று வீட்டுக்குத் திரும்பி, அலுமாரிக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். அடுத்த செவ்வாய், கடையில் ஆட்கள் குறைந்த காலை நேரத்தில் போனேன்.

"வாங்கோ மாஸ்டர்!" என்றான். "படம் பாத்தனான். கண்ணாடிக்குள்ளையே போட்டிட்டாங்கள். நான் பழுதாக்கின அதே மாதிரிச் சட்டை. பிறகு நீங்கள் திருத்தித் தைச்சதாக்கும். நல்ல வடிவு."

தாளை மெசினுக்கு மேலே விரித்தேன். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான்.

"இது என்ரை எழுத்தெல்லோ?"

"ஓம். கை பிழைக்கேல்லை, தவம். ஒருநாளும் பிழைக்கேல்லை. கண்ணாடிக்குள்ளை இருக்கிறது நீர் தைச்ச சட்டை. மதாம் ஆர் வெட்டினது எண்டு கேட்டவ. நான் எண்டு சொன்னனான். உமக்குக் கிழிஞ்சுபோச்செண்டு சொன்னதும் பொய்."

அவன் விரலால் தாளின் வளைவை அளந்துகொண்டு போனான். ஒரு முறை. திரும்பவும் ஒரு முறை.

"அப்ப கக்கம்?"

"கக்கம் சரி."

"கிழியேல்லையோ?"

"நூல்கூட விடேல்லை. இருபது வருசம் வாடகைக்குப் போன சட்டை."

அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

"நான் அந்தக் கக்கத்தை எத்தினை வருசம் மனசுக்குள்ளை பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சனான் தெரியுமோ? கோப்பை கழுவேக்கை. மெத்ரோவிலை நிக்கேக்கை. எங்கை பிழைச்சன், எங்கை பிழைச்சன் எண்டு. படிச்ச மனிசன், நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்குமெண்டு நினைச்சன்."

"தவம்..."

"போங்கோ, மாஸ்டர்."

மன்னிப்பைக் கேட்கும் சொற்களை நான் ஆயத்தமாக வைத்திருந்தேன். கேட்க விடவில்லை. போனேன்.

பரிகாரம் என்று எனக்குத் தெரிந்தது கடதாசி. கண்காட்சி நடத்துபவர்களுக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். அந்த மேலங்கியை வெட்டித் தைத்தவர் தவராசா, நானல்ல, அட்டையை மாற்றுங்கள் என்றேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஆதாரம் வேண்டுமாம். தையல்கூடம் மூடிவிட்டது, மதாம் ஒடில் இறந்துவிட்டார். பத்திரிகைத் தாளின் பிரதியை அனுப்பினேன். அதில் கையொப்பம் இல்லை என்றார்கள். சத்தியக் கடதாசி எழுதி, அடையாள அட்டைப் பிரதியும் வைத்து அனுப்பினேன். 'நான் பொய் சொன்னேன்' என்று பிரெஞ்சில் அழகான கையெழுத்தில் எழுதினேன். மிகவும் நன்றி என்றார்கள். சம்பந்தப்பட்ட மற்றவரும் ஒரு கடதாசியில் கையொப்பம் வைக்க வேண்டும் என்றார்கள்.

படிவத்தைத் தவராசாவிடம் கொண்டுபோனேன். அவன் அதைத் தொடவில்லை.

"இதிலை என்ரை பேர் வந்தால் எனக்கென்ன?"

கடைசியில் அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். விடயம் தெளியும்வரை அட்டையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். இப்போது அதில் 'தைத்தவர்: அறியப்படவில்லை' என்று இருக்கிறது. அந்தக் காலத்து இளவரசர்களின் பெயர்களும், அவர்கள் போட்ட துணியின் பெயர்களும் புத்தகங்களில் பக்கம் பக்கமாக உண்டு. தைத்தவர்களில் பெரும்பாலானோர் பெயர் கிடையாது. நான் எடுத்த முயற்சி தவராசாவை அவர்களோடு கொண்டுபோய்ச் சேர்த்தது.

வாணிக்கும் சொல்ல வேண்டியிருந்தது. ஞாயிறு கண்காட்சிக்குப் போகவில்லை, ஏன் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சமையலறையில் வைத்துச் சொன்னேன். எதற்காக என்று பிரெஞ்சில் கேட்டாள். உன்னையும் அம்மாவையும் இங்கே எடுப்பிக்க என்றேன். அவள் எழுந்துவிட்டாள். என்னை அதற்குள் இழுக்காதீர்கள், நான் கேட்கவில்லை, எனக்கு ஐந்து வயது என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒன்றரை மாதம் என்னோடு கதைக்கவில்லை.

6

அட்டை மாறியதைச் சொல்ல மறுபடியும் கடைக்குப் போனேன். 'அறியப்படவில்லை' என்பதைக் கேட்டு அவன் சிரித்தான். அந்தப் பழைய சிரிப்பு ஒரு கணம் வந்து போனது.

"உங்களுக்குப் பிரெஞ்சிலை எழுதிறது சுகம். ஒரு முத்திரை ஒட்டினால் முடிஞ்சுது. அந்தக் காலம் நான் இராசமலருக்கு எழுதினனான், என்ரை வேலை பிழைச்சுப்போச்சு, நான் ஒரு விசரன், இன்னும் கொஞ்ச நாள் பொறு எண்டு. அவள் இண்டைக்கும் அப்பிடித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். என்ரை வீட்டை வந்து அவளுக்குத் தமிழிலை சொல்லுங்கோ."

அடுத்த ஞாயிறு லா கூர்னெவில் அவர்களுடைய ஒன்பதாம் மாடிக்குப் போனேன். இராசமலர் கதவைத் திறந்து, "வாங்கோ மாஸ்டர், இருங்கோ" என்றாள். தவராசா யன்னலோரம் போய் நின்றுகொண்டான். உதவிக்கு வரவில்லை.

நான் முழுவதையும் சொன்னேன். மேலங்கி, கை, மதாம் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், பிறகு சொன்ன பொய். சரித்திர வகுப்பில் சொல்வதைப் போல ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு போன என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நான் முடித்தபின் இராசமலர் கேட்டாள்.

"அப்ப இவரிலை பிழையில்லை?"

"இல்லை."

"நான் இவரை எவ்வளவு ஏசியிருக்கிறன்." இதை என்னிடம் சொல்லவில்லை, யன்னலைப் பார்த்துச் சொன்னாள். தவராசா திரும்பவில்லை. அவன் தோள் மட்டும் ஒருமுறை அசைந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உங்கடை மகள் இஞ்சை வரேக்கை எத்தினை வயசு?"

"ஆறு."

"அப்ப எனக்கு முப்பது."

அதற்கு மேல் அந்தக் கணக்கை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் கும்பிட்டேன். எழுபத்தைந்து வயதில் என்னைவிட இளையவளைக் கும்பிடுவது கூச்சமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அப்படி இருக்கவில்லை.

வாசல்வரை வந்தவள் சொன்னாள். "இனி நீங்கள் இஞ்சை வரவேண்டாம், மாஸ்டர். உங்களைப் பாக்க எனக்கு ஏலாது. ஆனால் அந்தப் பிள்ளையை ஒருக்கா வரச்சொல்லுங்கோ. நான் அவளைப் பாக்கவேணும்."

இதை வாணியிடம் சொல்லவா விடவா என்று பல நாள் யோசித்தேன். தன்னை இதற்குள் இழுக்க வேண்டாம் என்று சொன்னவள் அவள். சொல்லாமல் விட்டால் இன்னொருவரின் வார்த்தையை மறுபடியும் நடுவில் நின்று மறைத்தவன் ஆவேன். கைபேசியில் எடுத்து, இராசமலர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன்.

வாணி தமிழில் கேட்டாள்.

"எத்தினையாம் மாடி?"

அவள் போனாள். அதற்கடுத்த மாதமும் போனாள். இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை பிள்ளைகளோடு போகிறாள் என்று பேரப்பிள்ளைகளின் வாயால் அறிகிறேன். தவராசா கடையில் என்னைக் கண்டால் தலையை ஒருமுறை அசைத்துவிட்டுத் துணியைப் பார்க்கிறான். அந்த அசைவுக்கு என்ன பொருள் என்று நான் தேடுவதில்லை. ஆவணி மாதத்துக் கலியாணம் ஒன்றுக்கு அவன் இரண்டு சட்டை வெட்டிக் கொடுத்ததாகக் கடைக்காரர் சொன்னார்.

போன வாரம் வாணி எனக்கு மருந்து வாங்கிக்கொண்டு செவ்ரானுக்கு வந்தாள். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன்.

"அங்கை என்னைப் பற்றி என்ன சொல்லுகினம்?"

அவள் மருந்துப் பெட்டிகளை மேசையில் வைத்துக்கொண்டே, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னாள்.

"அங்கை உங்களைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்லை, அப்பா."